பவிஸ் கோட்டைக்காரர்கள் கிளைவா, ஹெர்பர்ட்டா?

வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பவிஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "உள்ளே திப்புவின் கூடாரமும் அவருடைய சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலையும் இருக்கின்றன. ராபர்ட் கிளைவ் குடும்பத்துச் சொத்து என்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிரபுக்களின் குடும்பப் பெயர் ஹெர்பர்ட். மூத்த மகனை மட்டும் வைகவுண்ட் கிளைவ் என்கிறார்கள். கிளைவ் வம்சம் அற்றுப்போய் யாரையாவது தத்து எடுத்தார்களா?"

கேள்வி தத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அவர் கேட்க வருவது வேறு. வாரிசு அறாமலேயே ஒரு குடும்பத்தின் பெயர் எப்படி மாறும் என்பதுதான். சுருக்கமான பதில்: யாரும் தத்துப் போகவில்லை. இங்கிலாந்தில் சட்டப்படி தத்தெடுக்கும் வழியே 1926இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் தத்துப் பிள்ளைக்குப் பிரபுப் பட்டம் போகாது. இன்றைய பவிஸ் பிரபுக்கள் ராபர்ட் கிளைவின் நேரடி ஆண்வழி வாரிசுகள். பெயர் மட்டும் பாட்டி வீட்டுப் பெயர். ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களில் ரத்தம், பெயர், பட்டம், நிலம் நான்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தக் குடும்பத்தில் நான்கும் நான்கு வழியாகப் போயின.

நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோட்டைப் பதிவேடுகளைப் புரட்டியே இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவன். மெட்ராஸில் இருந்தவரை இந்தக் குடும்பம் எனக்கு நெருக்கம். கப்பலேறிய பிறகு அவர்களை நான் அச்சிட்ட வம்சாவளிகளிலும் கடிதங்களிலும்தான் பின்தொடர்ந்திருக்கிறேன். பட்டங்களைப் பற்றிய சட்ட நுணுக்கத்துக்கு அந்த ஊர் வழக்கறிஞர்தான் கடைசி வார்த்தை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ராபர்ட் கிளைவ். அவர் பிறவிப் பிரபு இல்லை. 1725 செப்டம்பர் 29 அன்று ஷ்ரோப்ஷயரில் மார்க்கெட் டிரேட்டன் பக்கம் ஸ்டைச் என்ற வீட்டில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் கிளைவ் ஒரு வழக்கறிஞர். பழைய குடும்பம், கொஞ்சம் நிலம், நிறையப் பிள்ளைகள், கையில் காசு இல்லை. நம்மூரில் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்போமே, கெடவில்லை என்றாலும் அந்த வாசலில் நின்ற குடும்பம். மூத்த பையனைச் சின்ன வயதிலேயே மான்செஸ்டரில் இருந்த சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். பையனுக்குச் சண்டைக் குணம் அதிகம் என்று சித்தப்பா எழுதிய கடிதம் ஒன்று உண்டு. 1744இல் கம்பெனி எழுத்தராக மெட்ராஸ் வந்து இறங்கினார். ஆற்காடு முற்றுகையும் பிளாசியும் எல்லாருக்கும் தெரியும், அதைத் தாண்டிப் போகிறேன்.

நமக்கு வேண்டியது கல்யாணம். 1753 பிப்ரவரி 18 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கிளைவ் மணந்தார். பெண்ணுக்கு வயது 17, மாப்பிள்ளைக்கு 27. அவளுடைய அண்ணன் எட்மண்ட் கிளைவின் நண்பர். இன்னொரு அண்ணன் நெவில் மாஸ்கலின் பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனவர். பதிவேட்டில் திருமணம் செய்துவைத்தவர் என்று இருக்கும் பெயர்தான் எனக்குப் பிடித்த இடம்: டேனிஷ் மிஷன் பாதிரியார் ஃபப்ரீசியஸ். ஆமாம், தமிழ் பைபிளும் தமிழ் அகராதியும் தந்த அதே ஃபப்ரீசியஸ். மார்கரெட்டின் படத்தைப் பார்த்தே கிளைவ் காதலில் விழுந்தார், அவளை வரவழைத்தார் என்றொரு கதை சுற்றி வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் இடமும் பாதிரியாரும் பதிவில் உள்ளவை.

அடுத்த மாதமே புதுத் தம்பதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 1754 மார்ச்சில் எட்வர்ட் பிறந்தார். ஒரு வயதுக் குழந்தையை அங்கே விட்டுவிட்டு 1755இல் பெற்றோர் மறுபடி இந்தியா வந்தார்கள். அந்தக் காலத்துக் கம்பெனிக் குடும்பங்களில் இது சாதாரணம். பிள்ளைகள் பலர் சின்ன வயதிலேயே இறந்தும் போனார்கள். எட்வர்டுக்குத் தந்தையின் புகழ் வந்து சேர்ந்தது, தந்தை வந்து சேரச் சில வருஷம் ஆனது.

பட்டம் 1762இல் வந்தது. 'பிளாசியின் பாரன் கிளைவ்' என்ற அந்தப் பட்டம் அயர்லாந்துப் பட்டம். கிளைவுக்கு இதில் பெரிய மனக்குறை. அயர்லாந்துப் பிரபு என்றால் லண்டன் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது, மக்கள் சபையில் உறுப்பினராகத் தொடரலாம். கிளைவ் ஷ்ரூஸ்பரி உறுப்பினராகவே இருந்தார். அதோடு ஷ்ரோப்ஷயரில் நிலமாக வாங்கிக் குவித்தார். அவர் வாங்கியதில் ஒன்று லட்லோ பக்கத்து ஓக்லி பார்க். விற்றவர் யார் தெரியுமா? அன்றைய பவிஸ் பிரபு, ஹெர்பர்ட் குடும்பத்தவர். கிளைவின் தந்தை முன்பு நாடாளுமன்றம் போனதும் பவிஸ் பிரபுவின் செல்வாக்கில்தான். ஆக இரண்டு குடும்பங்களுக்கும் சம்பந்தம் செய்வதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்தது.

1774 நவம்பர் 22 அன்று லண்டன் பெர்க்லி சதுக்க வீட்டில் கிளைவ் இறந்தார். வயது 49. இங்கே உறுதியையும் ஊகத்தையும் பிரித்தே ஆக வேண்டும். நீண்ட நாள் வயிற்று வலி, அதற்கு அபின் எடுத்துக்கொண்டிருந்தது, மோர்ட்டன் சே ஊர்த் தேவாலயத்தில் பெயர்கூடப் பொறிக்காமல் புதைத்தது, இவை உறுதி. பேனாக் கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டாரா, அபின் அளவு மீறிப்போனதா, நோயே கொண்டுபோனதா என்பது இன்றுவரை வாதம். தற்கொலை என்பதே பெரும்பாலோர் சாய்வு, என் சாய்வும் அதுதான். ஆனால் 'கத்தி' என்று அடித்துச் சொல்பவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். குடும்பம் வாய் திறக்கவே இல்லை. மார்கரெட் அதற்கப்புறம் 43 வருஷம் விதவையாக வாழ்ந்து 1817இல் இறந்தார்.

இருபது வயதில் எட்வர்ட் இரண்டாம் லார்ட் கிளைவ் ஆனார். இவர்தான் உங்கள் கேள்வியின் மையம். நம் ஊர்க் கட்டுரைகளில் இவர் அப்பாவோடு குழம்பிப் போவார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது கவர்னர் ராபர்ட் கிளைவ் என்று எழுதிய ஓர் ஆய்வேட்டையே நான் திருத்தியிருக்கிறேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அது நடந்தபோது ராபர்ட் இறந்து கிட்டத்தட்ட 25 வருஷம் ஆகியிருந்தது. 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் மகன் எட்வர்ட். திப்புவின் வீழ்ச்சி, மருது சகோதரர்களின் தூக்கு, கர்நாடக (ஆற்காட்டு) நவாபின் நாடு கம்பெனி கைக்குப் போனது எல்லாம் இவர் கையெழுத்துக் காலம். கையெழுத்து இவருடையது, கை வெல்லெஸ்லி சகோதரர்களுடையது (கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட், தளபதியான தம்பி ஆர்தர்) என்பது என் கணிப்பு. ஆர்தர் வெல்லெஸ்லி இவரைச் சாதுவான, அதிகம் பேசாத, புத்தி மெதுவாக ஓடும் மனிதர் என்று எழுதிவைத்திருக்கிறார். வெல்லெஸ்லிகள் யாரைத்தான் பாராட்டினார்கள் என்பதும் ஒரு கேள்விதான். சென்னையில் எட்வர்ட் விட்டுப்போன பெரிய அடையாளம் ராஜாஜி மண்டபம். வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வரைபடம் போட்டு 1802இல் முடிந்த விருந்து மண்டபம் அது.

சரி, ஹெர்பர்ட் எங்கிருந்து வந்தார்கள்? 1784 மே மாதம் எட்வர்ட் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். முதல் பவிஸ் பிரபுவின் மகள். ஒரு பக்கம் புதுப் பணம், அயர்லாந்துப் பட்டம். இன்னொரு பக்கம் பழைய கோட்டை, பழைய பெயர், தலைக்கு மேல் கடன். யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய பெயரும் நேர்கோட்டில் வந்ததல்ல, பாருங்கள். பவிஸின் பழைய ஹெர்பர்ட்டுகள் கத்தோலிக்கர்கள். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஓடியபோது கூடவே பிரான்சுக்குப் போனவர்கள். அந்தக் கிளையின் கடைசி மார்க்விஸ் (உயர்ந்த பிரபுப் பட்டங்களில் ஒன்று) 1748இல் மணமாகாமலே இறந்தார். கோட்டை தூரத்துச் சொந்தக்காரரான ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்குப் போனது. அவர் புதிதாக 'பவிஸ் பிரபு' பட்டம் வாங்கினார், பிறகு இறந்த மார்க்விஸின் தம்பி மகள் பார்பராவையே 1751இல் மணந்தார். மணமகளுக்கு வயது 16 போல, மாப்பிள்ளை ஐம்பதை நெருங்கியவர். சொத்து ஒரு கிளைக்கும் ரத்தம் இன்னொரு கிளைக்கும் போய்விட்டால் இரண்டையும் கல்யாணத்தால் கட்டிப்போடுவது அவர்கள் வழக்கம். அத்தை மகள், மாமன் மகன் கணக்குப் பார்க்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தப் பார்பராவின் மகள்தான் ஹென்ரியட்டா.

ஹென்ரியட்டாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. கணவரோடு மெட்ராஸ் வந்தபோது மகள்கள் இருவரையும் கூட்டிவந்தார். மகன்கள் இங்கிலாந்தில் படிப்பில். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அடுத்த வருஷம், 1800 மார்ச்சில், கணவரை மெட்ராஸிலேயே விட்டுவிட்டு இரண்டு பெண்களோடும் அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியரோடும் கிளம்பினார். வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல். கவர்னரின் மனைவி கவர்னர் இல்லாமல் போன பயணம். கல்லும் தாதுவும் சேகரித்தார், செடி சேகரித்தார், பாரசீகம் படித்தார். கணவருக்கும் தான் பாசம் வைத்திருந்த அண்ணன் ஜார்ஜுக்கும் விடாமல் கடிதம் எழுதினார். அவர் சேர்த்த தாதுக்கள் இன்றும் கார்டிஃபில் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மனைவியை அழைத்துப் போகாத கணவர் என்பதால் மணவாழ்க்கை கசப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த முடிவு அவசரமாகப் படுகிறது. யுத்தத்துக்குப் பின் கவர்னர் கோட்டையை விட்டு ஏழு மாதம் நகர முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரிவது.

கூட வந்த சின்ன மகள் சார்லட் ஃப்ளோரென்ஷியாவுக்கு அப்போது 12 வயது. அவள் எழுதிய நாட்குறிப்பும் தப்பிப் பிழைத்திருக்கிறது. இத்தாலியில் ஃப்ளோரன்ஸில் பிறந்ததால் அந்தப் பெயர். அவள் பின்னாளில் நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவி ஆனாள், இளவரசி விக்டோரியாவுக்கு வீட்டு ஆசிரியையாகவும் (கவர்னஸ்) இருந்தாள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செடி அவர்களுடைய சையன் ஹவுஸ் தோட்டத்தில் பூத்தபோது ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் 1828இல் அதற்கு அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரை வைத்தார்: கிளைவியா. ஊட்டியிலும் குன்னூரிலும் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்குமே, அதுதான்.

1801 ஜனவரியில் ஹென்ரியட்டாவின் அண்ணன், இரண்டாம் பவிஸ் பிரபு ஜார்ஜ், மணமாகாமலே இறந்தார். தங்கை அப்போது இந்தியாவில்தான் இருந்தார். ஆண் வாரிசு இல்லாததால் பட்டம் செத்தது. நிலமும் கோட்டையும் சாகாது அல்லவா? அவற்றை உயிலில் தங்கையின் மூத்த மகனுக்கு எழுதிவைத்திருந்தார், ஒரு நிபந்தனையோடு: ஹெர்பர்ட் என்ற பெயரையும் குலச் சின்னத்தையும் அவன் ஏற்க வேண்டும். தாய்மாமன் சொத்து வேண்டுமானால் தாய்மாமன் பெயரை வைத்துக்கொள். இதுதான் அவர்களுடைய 'தத்து'. பிள்ளை பிறந்த வீட்டிலேயே இருப்பான், அப்பாவுக்கும் வாரிசாகவே இருப்பான், பெயர் மட்டும் மாறும். ஆங்கில வம்சாவளிகளில் திடீரென்று பெயர் மாறுவதைப் பார்த்தால் பத்தில் எட்டு இடத்தில் பின்னால் இப்படி ஓர் உயில் இருக்கும் என்பது என் அனுபவம்.

செத்த பட்டத்தை அரசர் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கலாம். 1804இல் அது நடந்தது. மெட்ராஸிலிருந்து திரும்பிய எட்வர்ட் கிளைவுக்குப் பவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. அதோடு சேர்த்துக் கொடுத்த துணைப் பட்டங்களில் ஒன்று 'லட்லோவின் வைகவுண்ட் கிளைவ்'. தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் துணைப் பட்டத்தை மரியாதைப் பெயராக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். கோட்டையில் நீங்கள் பார்த்தது இதைத்தான். மகன் 21 வயது நிரம்பிய பின், 1807 மார்ச்சில், அரசரின் அனுமதிப் பத்திரம் பெற்று ஹெர்பர்ட் ஆனார். தந்தை கடைசிவரை பெயர் மாற்றவில்லை. எண்பது வயதிலும் காலை ஆறு மணிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோட்டத்தில் மண் வெட்டியவர் 1839 மே மாதம்தான் இறந்தார். ஆக 32 வருஷம் அப்பா கிளைவ், மகன் ஹெர்பர்ட்.

கிளைவ் பெயர் அதோடு ஒழியவும் இல்லை. இளைய மகன் ராபர்ட் ஹென்றிக்கு உயில் நிபந்தனை ஏதும் இல்லை, அவர் கிளைவாகவே இருந்தார். பாட்டனார் வாங்கிய ஓக்லி பார்க் அவர் கிளைக்கு வந்தது. அவர் மணந்தது விண்ட்சர் என்ற குடும்பத்துப் பெண்ணை. கேட்க வேண்டுமா, அந்தக் கிளை விண்ட்சர்-கிளைவ் ஆயிற்று. பேரன் 1905இல் பிளிமத் பிரபு ஆனார். இன்று பெயரில் கிளைவைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும், பவிஸை அல்ல.

பவிஸ் பக்கம் ஹெர்பர்ட் ஆன மகன், 1804இன் புதுப் பட்டக் கணக்கில் இரண்டாம் பிரபு, 1847இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் தேர்தலில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டை எதிர்த்து நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். அடுத்த ஜனவரியில் சொந்தத் தோட்டத்தில் ஃபெசன்ட் வேட்டையின்போது தன் மகன்களில் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு இறந்தார். மூன்றாம் பிரபு மணமாகாதவர், பட்டம் அவருடைய தம்பி மகனுக்குப் போனது. அந்த நான்காம் பிரபு ஜார்ஜ் சார்லஸின் வீட்டில்தான் நான் முதலில் சொன்ன விஷயம் மிகத் தெளிவாகத் தெரியும்.

அவர் மணந்த வயலட் லேன்-ஃபாக்ஸ் சாதாரண மருமகள் அல்ல. 1332இல் உண்டான டார்சி டி நேத் என்ற பாரன் பட்டத்துக்கு உரிமையுள்ளவர். நாடாளுமன்றத்துக்கு வா என்று அரசர் அனுப்பிய பழைய அழைப்பாணையால் பிறந்த பட்டங்கள் மகளுக்கும் போகும். ஆனால் மூத்தவள் இளையவள் பேதம் இல்லை. இரண்டு மகள்கள் என்றால் இருவருக்கும் சம உரிமை, ஆகவே யாருக்கும் இல்லாமல் தொங்கலில் நிற்கும், அரசர் ஒருவரைக் கூப்பிடும்வரை. வயலட்டுக்கு ஓர் அக்கா உண்டு. 1903இல் இந்தப் பட்டம் வயலட்டுக்கும், வேறொரு பட்டம் அக்காவுக்கும் போயின. 1804இன் பவிஸ் பட்டமோ பட்டய ஆவணத்தால் வந்தது, ஆண்வழிக்கு மட்டும். ஆகவே ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு விதிப் பட்டம், மனைவிக்கு இன்னொரு விதிப் பட்டம். கோட்டையின் தோட்டம் இன்று அவ்வளவு அழகாக இருப்பதற்கு வயலட்டும் ஒரு காரணம்.

மூத்த மகன் பெர்சி, வைகவுண்ட் கிளைவ், 1916இல் சோம் போரில் பட்ட காயத்தால் இறந்தார். அடுத்த மகன் மெர்வின் வைகவுண்ட் கிளைவ் ஆனார். 1929இல் தாய் இறந்ததும் தாயின் பட்டமும் அவருக்கு வந்தது. 1943இல் விமான விபத்தில் அவரும் போனார். அவருக்கு ஒரே மகள், டாவினா, நான்கு வயது. அந்தக் குழந்தை அன்றே டார்சி டி நேத் சீமாட்டி ஆனாள். 1952இல் தாத்தா இறந்தபோது பவிஸ் பட்டம் அவளைத் தாண்டிக்கொண்டு பங்காளி வீட்டுக்குப் போனது. கோட்டை இரண்டு பேருக்கும் போகவில்லை, தாத்தா அதை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்திருந்தார். நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக முடிந்தது அதனால்தான்.

டாவினா 1964இல் ஒரு கார் விபத்தில் கணவரை இழந்தார், கழுத்துக்குக் கீழே செயலிழந்தும் போனார். சக்கர நாற்காலியிலிருந்தே பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றார், பிரபுக்கள் சபையில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பல ஆண்டுகள் பேசினார். 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைச் சபையிலிருந்து வெளியேற்றியபோது, தேர்ந்தெடுத்து நிறுத்தி வைத்தவர்களில் அவரும் ஒருவர். 2008இல் அவர் இறந்தார். பட்டம் மகனுக்குப் போனது. அவருடைய குடும்பப் பெயர் கிளைவும் இல்லை, ஹெர்பர்ட்டும் இல்லை. அது அவர் அப்பா வீட்டுப் பெயர்.